எக்ஸாம் கேஸாகப் போய் வந்தேன், ஒரு சந்தேகம்

#1 குழித்தறி

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் தடவையாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கைத்தறி நெசவாளி. எந்த ஊர் என்று வேண்டாம். வயது 51. சின்ன வயதில் தொண்டை வலி வந்து, அப்புறம் மூட்டு மூட்டாக வீங்கியது. சளிதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அதில் இதய வால்வு சுருங்கிப்போனது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்பார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், மற்றபடி மாத்திரையில் வண்டி ஓடுகிறது.

என் நெஞ்சில் ஒரு சத்தம் இருக்கிறது. அது "நல்ல" சத்தமாம். அதனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அரசு மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷப் பரிட்சை வந்தால் எனக்குப் போன் வந்துவிடும். "அண்ணே, அடுத்த வாரம் எக்ஸாம், காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க" என்று பி.ஜி. டாக்டர் யாராவது கூப்பிடுவார். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, பஸ் காசு, கையில் கொஞ்சம் பணம். ஒரு நாள் தறிக்கூலிக்குச் சில வருஷம் அது கட்டும், சில வருஷம் கட்டாது.

கட்டிலில் படுத்திருப்பேன். பிள்ளைகள் வந்து கேட்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், எழுதுவார்கள். சிலர் சத்தம் பிடிபடாமல் வியர்த்துப்போய் நிற்பார்கள். பாவமாக இருக்கும். "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கிறேன், மூச்சை வெளிய விட்டு நிறுத்துறேன், இப்ப வெச்சுப் பாரு கண்ணு" என்பேன். அப்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள்.

இதெல்லாம் பழைய கதை. இந்த வருஷம் ஒன்று புதிதாக நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் அம்மா அந்தப் பையனிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஐயா, இந்தத் தம்பி உங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டாரு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. எனக்கு வாய் வரவில்லை. "நல்லா நடந்துக்கிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

உண்மை அது இல்லை. அவன் திரையை இழுத்து மூடவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னவன் பேப்பரைப் பார்த்தே கேள்வி கேட்டான். விலா எலும்புக்குக் கீழே அமுக்கினதில் எனக்கு உயிர் போனது. ஆனால் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். நாம் ஒரு சொல் சொல்லி ஒரு பிள்ளை ஃபெயில் ஆகிவிட்டால்?

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதே நினைப்பு. நான் சொன்னது மார்க்கில் சேருமா? எங்களைப் போன்றவர்கள் அதையெல்லாம் சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நைட்டுடூட்டி

அண்ணே, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கிறது. நான் இப்போது ஹவுஸ் சர்ஜன். என் பைனல் இயர் மெடிசின் எக்ஸாமில் எனக்கு விழுந்தது மண்ணீரல் வீங்கிய ஒரு பாட்டி. நான் கையை வைத்த இடமே தப்பு. பாட்டி என் கையைப் பிடித்து நகர்த்தி வைத்து, "இங்கதாண்டி தொடங்குது, தொப்புள்வரைக்கும் போகும். பெருசுன்னு சொல்லு" என்றார். அப்படித்தான் பாஸ் பண்ணினேன்.

இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வெளியில் சொல்வதில்லை.

உங்கள் கேள்விக்கு: பெரும்பாலான இடங்களில் நீங்கள் சொன்னது மார்க்கில் சேராது. பரிசோதகர் மனதில் ஏறலாம், அவ்வளவுதான். 2019 பாடத்திட்டத்தோடு நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை, பேச்சு, அறம் எல்லாம் சேர்த்து ஏட்காம் என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். நல்ல பகுதிதான். ஆனால் எங்கள் பேட்சில் பாதிப்பேர் அதன் ரெக்கார்டு நோட்டை சமர்ப்பிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி ஒருவர் பார்த்து ஒருவர் எழுதினோம். "நோயாளியின் உணர்வுகளை மதிப்பது எப்படி" என்பதைக்கூடக் காப்பி அடித்தோம்.

#3 கறார்பேர்வழி

எல்லாரும் உருகுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்.

நோயாளி மார்க் போட ஆரம்பித்தால் என்ன ஆகும்? எங்கள் தெரு கிளினிக்கில் வந்தவுடன் ஊசி போடுகிறவர்தான் ராசியான டாக்டர். "இது வைரஸ் காய்ச்சல், ஊசி வேண்டாம், ஓய்வு எடுங்க" என்று சொல்கிறவருக்கு ஜனம் போவதில்லை. இவர்கள் கையில் மார்க்கைக் கொடுத்தால் சிரிக்கிறவனும் டிரிப்ஸ் ஏற்றுகிறவனும் டிஸ்டிங்ஷன் வாங்குவான். கண்டிப்பாகப் பேசுகிறவன் அரியர் வைப்பான்.

அண்ணன் எழுதியதே சாட்சி. உண்மையைச் சொல்லச் சந்தர்ப்பம் வந்தது. இரக்கப்பட்டுப் பொய் சொன்னார். இந்தத் தகவலை வைத்து யாரை எடைபோடுவது?

#4 ஓய்வூதியர்

நான் சமூக மருத்துவத் துறையில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கறார்பேர்வழி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்று ஒரு நரம்பியல் மருத்துவர் இருந்தார். அவர் பயிற்சியில் இருந்த காலத்தில் நம் குழித்தறி போலவே பரிட்சைக்கு ஒரு நோயாளி வந்தார். பரிட்சை எழுத வந்த ஒரு டாக்டர் அவரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். நோயாளி என்ன செய்தார் தெரியுமா? பலவீனம் இருந்த பக்கத்தையே மாற்றிக் காட்டிவிட்டார். அப்புறம் அதை பாரோஸிடமே சொன்னார். பாரோஸ் அதைக் கேட்டுச் சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் வேறு மாதிரி யோசித்தார். இவ்வளவு துல்லியமாக ஒருவரால் நோயை நடித்துக் காட்ட முடியும் என்றால், தனக்கு எப்படிச் சோதனை நடந்தது என்பதையும் அவரால் சொல்ல முடியுமே! 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து நோயாளியாக நடிக்க வைத்தார். இன்று உலகம் முழுக்கத் தேர்வுகளில் உட்கார்ந்திருக்கிற "நோயாளி நடிகர்" வந்த வழி இதுதான். அவர் பட்டியல் வைத்துக் குறிப்பார். கண்ணைப் பார்த்துப் பேசினாரா, தொடும் முன் சொன்னாரா, வலிக்கிறதா என்று கேட்டாரா என்று. பல இடங்களில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

ஆக, "ஊசி போட்டானா இல்லையா" என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. திரையை மூடினானா என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல எம்.டி. படிப்பு வேண்டாம், கட்டிலில் படுத்திருந்தால் போதும்.

ஆனால் எனக்கு நடிகர்கள் பற்றி ஒரு மனக்குறை எப்போதும் உண்டு. நடிகர் மாலையில் வீட்டுக்குப் போனால் நோய் முடிந்துவிடும்.

#5 குழித்தறி

ஐயா, அந்த ஆள் கெட்டிக்காரர்தான். நான் நினைத்தாலும் என் சத்தத்தை வலது பக்கம் மாற்ற முடியாதே :)

#6 தத்துவீடு

ஐயா சொன்ன கடைசி வரிக்காக எழுதுகிறேன். எங்கள் வீடு ஒரு மருத்துவக் கல்லூரிக்குத் தத்துப் போன வீடு. நிஜமாகத்தான். எம்.பி.பி.எஸ். படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கிராமத்தில் சில குடும்பங்களை ஒதுக்குகிறார்கள். எங்கள் ஊருக்குக் கல்லூரி பஸ்ஸே வந்து இறக்கிவிட்டது. வெள்ளைக் கோட்டோடு நாற்பது பேர் இறங்கினதைப் பார்த்து எங்கள் அம்மா, ரேஷன் கார்டு சரிபார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கார்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார்.

எங்களுக்கு வந்தவன் ராஜஸ்தான் பையன், அகில இந்திய ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். தமிழ் சுத்தமாக வராது. "வலி" என்ற ஒரே சொல்லை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். "அம்மா, வலி இருக்கா?" என்பான். அம்மா "இல்லப்பா" என்பார். அவன் "வலி இல்லை" என்று எழுதிக்கொள்வான். முடிந்தது.

இரண்டாவது தடவை வந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். அவன் காலைக் காட்டி மறுபடி "வலி?" என்றான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வலி இல்லடா ராசா. குடைச்சல்!" என்றார். அப்புறம் நடந்ததுதான் வகுப்பு. வலி என்றால் அடிபட்டால் வருவது. இது எலும்புக்குள் யாரோ துரப்பணம் போடுகிற மாதிரி, அது குடைச்சல். உள்ளங்காலில் மிளகாய் அரைத்த கை மாதிரி, அது எரிச்சல். விரல் நுனியில் செருப்பு கழன்று போனால்கூடத் தெரியவில்லை, அது மதமதப்பு. அவன் நோட்டில் இந்தியில் எழுதி எழுதிக் கேட்டான். நான் பள்ளிக்கூட இந்தியில் பாதியும் கையால் பாதியும் விளக்கினேன்.

அவன் கல்லூரிக்குப் போய் இந்த மூன்று சொல்லையும் மேடத்திடம் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் திரும்ப வந்து அம்மாவின் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு எல்லாம் பார்த்தான். சுண்டு விரலுக்கு அடியில் ஒரு புண். அம்மாவுக்கே தெரியாது. பதினோரு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறோம், பாதத்தைக் காட்டு என்று சொன்ன முதல் ஆள் அந்த முதலாம் ஆண்டுப் பையன்தான்.

#7 சும்மாவந்தேன்

அருமை. என் பங்குக்கு: கிறுகிறுப்பு வேறு, தலைச்சுற்றல் வேறு. முதலாவதில் நாம் சுற்றுவோம், இரண்டாவதில் வீடு சுற்றும். எந்த டாக்டரும் ஒத்துக்கொள்வதில்லை.

#8 நைட்டுடூட்டி

ஐயோ, சும்மாவந்தேன், அதுதான் எங்களுக்கு இ.என்.டி.யில் ரொம்ப முக்கியமான கேள்வியே! நாங்கள் அதை இங்கிலீஷில் படித்துவிட்டு நோயாளியிடம் "தலை சுத்துதா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுகிறோம். இதற்கு ஒரு பட்டியல் போடணும். நெஞ்சு கரிப்பது, நெஞ்சு அடைப்பது, படபடப்பு, பொருமல், உள்காய்ச்சல், விண்விண்ணென்று தெறிப்பது...

#9 தத்துவீடு

பட்டியல் அம்மாவிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் டாக்டர்.

கதையின் மற்ற பாதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் மேல் வருஷத்துக்குப் போன பிறகு வருகை குறைந்து நின்றது. புண்ணுக்கு மறுபடி நாங்களேதான் ஓடினோம். அம்மா இன்னும் "அந்த வடக்கத்திப் புள்ள எப்ப வரும்" என்கிறார். எங்களைத் தத்து எடுத்தது பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. முடிந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. வண்டலூரில் புலியைத் தத்து எடுக்கிறார்கள், போர்டில் பேர் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்படிப் பார்த்தால் அம்மாதான் அவனைத் தத்து எடுத்தார்.

#10 ஓய்வூதியர்

இந்தக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கொண்டுவந்தது. முதல் கட்டத்தில் 27 மணி நேரம், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 21, ஆக 78 மணி நேரம். நாலரை வருஷப் படிப்பில் 78 மணி நேரம் என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யோசனை புதிதல்ல. சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை சமூக மருத்துவர் வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1977இல் ரோம் (ROME) என்று, மருத்துவக் கல்வியைத் திசைமாற்றும் திட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார்கள். நான் இளம் விரிவுரையாளராக இருந்தபோது எங்கள் கல்லூரிக்கு வந்த அந்தப் பெரிய நடமாடும் மருத்துவமனை வண்டியில் போயிருக்கிறேன். அது எந்தக் கிராமத்துத் தெருவுக்குள்ளும் நுழையாது. ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நிற்கும், ஜனங்கள் வண்டியிடம் வருவார்கள். மாணவர்கள் இறங்கி ஊருக்குள் போனது குறைவு. டீசலுக்குப் பணம் நின்றதும் வண்டியும் நின்றது. வண்டி நின்ற ஷெட்டில் குருவி கூடு கட்டியதுவரை பார்த்தேன்.

அதே 1977இல்தான் வேலூர் சி.எம்.சி. கே.வி.குப்பம் வட்டாரத்தில் ரூஷா என்ற கிராம சுகாதார, சமூகப் பணி மையத்தைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வீடு வீடாகப் போகிற பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அங்கே பேட்ச் மாறினாலும் ஊரை விட்டு நிறுவனம் போகவில்லை. தத்துவீட்டின் அம்மா கேட்கிற "எப்ப வரும்" என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பார். மாணவன் போவான், அது இயற்கை. போகிறவனுக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டும்.

#11 சிஸ்டர்டியூட்டர்

டாக்டர், டாக்டர் என்றே பேசுகிறீர்கள். நர்சிங் பிள்ளைகள் எத்தனை காலமாக வீடு வீடாகப் போகிறார்கள்! குடும்பக் கோப்பு எழுதாமல் ஜி.என்.எம்.மோ பி.எஸ்சி.யோ முடித்த பெண் உண்டா?

வீட்டுப் பார்வைக்கு ஒரு பை உண்டு. அதைத் தரையில் வைக்கக் கூடாது. செய்தித்தாள் விரித்து அதன் மேல் வைக்க வேண்டும், முதலில் சோப்பும் துண்டும் எடுக்க வேண்டும், கை கழுவின பிறகுதான் மற்றது. அதற்கு மார்க் உண்டு, நானே எத்தனையோ பேருக்கு அதில் மார்க் குறைத்திருக்கிறேன். ஒரு கோடையில் என் மாணவி ஒருத்தி ஒரு வீட்டில் பாடத்தில் சொன்னபடியே முழங்கைவரை நிதானமாகக் கழுவினாள். வீட்டுக்காரம்மா சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார். முடிந்ததும் மெதுவாக, "கண்ணு, இங்க குடம் பன்னெண்டு ரூபா" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வீட்டுக்குத் தன் தண்ணீர் பாட்டிலோடு போனாள்.

என் செயல்முறைத் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்று அங்கே பாடம் நடத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. மருத்துவ மாணவர்களைக் கிராமத்தில் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டுவது யார்? கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் மாமியாருக்கு முன்னால் கருத்தடை பற்றிப் பேசக் கூடாது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பேரை எந்த ரெக்கார்டு நோட்டின் நன்றிப் பக்கத்திலும் பார்த்ததில்லை.

#12 சக்கரம்_அம்மா

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எல்லாரும் இனிப்பாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். [நெறியாளர் நீக்கியது] மருத்துவமனைக்குப் போனபோது பெரிய டாக்டர் பின்னால் பன்னிரண்டு மாணவர்கள் வந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பையனின் டிரவுசரைக் கழற்றினார்கள். "கிளாசிக் கேஸ், எல்லாரும் பாருங்க" என்றார். ஒருவர் பின் ஒருவராகக் காலை மடக்கிப் பார்த்தார்கள். "இது நடக்குமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். "சான்ஸே இல்ல" என்றார் அவர்.

என் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கும். பேச்சுதான் வராது. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

நோயாளிதான் ஆசிரியர் என்கிறீர்களே, அன்று அவனும் பாடம்தான் நடத்தினான். ஆனால் அது பாடமா?

#13 நெறியாளர்

மருத்துவமனையின் பெயரை நான்தான் நீக்கினேன், சக்கரம்_அம்மா மன்னிக்கவும். களவிதி. மற்றது ஒரு எழுத்தும் தொடவில்லை.

#14 நைட்டுடூட்டி

அக்கா, அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக நான் நின்றிருக்கிறேன். உங்கள் மகன் கட்டிலில் அல்ல, வேறு ஒரு கட்டிலில். பின் வரிசையில் எதுவும் தெரியவில்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குக் கேட்கும் என்பது அப்போது தோன்றவே இல்லை. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

#15 கறார்பேர்வழி

சக்கரம்_அம்மா, இதைப் படித்த பிறகு என் முந்தின பதிவு கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களைக் கூப்பிட்டு மாணவர்களுக்குப் பேசச் சொன்னால் போவீர்களா? ஒரு அம்மா பேசுவதை வைத்து எல்லா அம்மாக்களையும் தெரிந்துகொண்டதாக அவர்கள் நினைத்துவிட மாட்டார்களா?

#16 சக்கரம்_அம்மா

போனேன். போன வருஷம் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் கூப்பிட்டார்கள். மேடையில் நின்று அழச் சொல்வார்கள் என்று பயந்தேன். அந்த மேடம் முன்கூட்டியே போன் பண்ணி, "நீங்க என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்களோ அதைச் சொல்லுங்க, பையனைக் கூட்டிட்டு வரணும்னு இல்ல" என்றார். அதனால்தான் போனேன்.

நான் கேட்டது ஒரே ஒரு பொருள். 25 கிலோ அரிசிச் சிப்பம். என் மகனின் எடைக்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு தடவை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறிவிட்டு வாருங்கள், இன்னொரு தோளில் கைப்பை இருக்கணும், கையில் ரிப்போர்ட் கவரும் இருக்கணும் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டாம் மாடியில் ஒருவன் சிப்பத்தைக் கீழே வைத்துவிட்டான். "வைக்கக் கூடாதுப்பா, அது குழந்தை" என்றேன். ஹாலே அமைதியாகிவிட்டது.

அப்புறம்தான் பேசினேன். "தினமும் இரண்டு மணி நேரம் எக்சர்சைஸ் குடுங்க" என்று சீட்டில் எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் தண்ணி காலை ஐந்து மணிக்கு வரும், ஆறரைக்கு நிற்கும். எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே வைக்கட்டும், நீங்களே ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள் என்று தாளைக் கொடுத்தேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் குளிப்பாட்டும்போதே செய்கிற மாதிரி நான்கு அசைவுகள் சொன்னாள். அதை இன்றுவரை செய்கிறேன்.

கறார் சார், எல்லா அம்மாக்களுக்காகவும் நான் பேசவில்லை. என் வீட்டுத் தண்ணீர் நேரத்தைப் பற்றித்தான் பேசினேன். அடுத்த வருஷம் வேறு அம்மாவைக் கூப்பிடட்டும்.

#17 வானவில்திண்ணை

என் தரப்பையும் சொல்கிறேன். நான் திருநங்கை. எங்களைப் பற்றி டாக்டர்கள் படித்த பாடப்புத்தகத்தில் என்ன இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. தடயவியல் புத்தகங்களில் எங்களில் பலர் குற்றம், வக்கிரம் என்ற அத்தியாயத்துக்குள்தான் இருந்தோம்.

2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது, முதலில் நான் கற்றுக்கொள்கிறேன் என்று ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்தார். எங்கள் சமூகத்தினரைச் சந்தித்துப் பேசினார். அப்புறம்தான் ஜூன் 7இல் அந்த உத்தரவு வந்தது. வழக்கு தொடர்ந்தபோது பாடத்திட்டமும் அதற்குள் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கும் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் இழிவான பகுதிகள் கூடாது என்று அறிவுரை அனுப்பியது. எங்கள் இயல்பையே மாற்றுகிறோம் என்று சிகிச்சை என்ற பெயரில் நடந்த கொடுமையை 2022இல் தொழில்முறைக் குற்றம் என்றது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 ஆகஸ்டில் ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டியில் பெண்களுக்கு இடையேயான உறவு மறுபடி இயற்கைக்கு மாறான குற்றம் என்ற பட்டியலில் உட்கார்ந்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் போராடி முதலாண்டுப் பயிற்சியில் சேர்த்த 7 மணி நேரமும் காணாமல் போயிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 5ஆம் தேதி வழிகாட்டியைத் திரும்பப் பெற்றார்கள், ஒரு வாரத்தில் திருத்தி வெளியிட்டார்கள்.

வகுப்பில் வந்து பேசு என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள், போகிறோம், கை தட்டுகிறார்கள். புத்தகம் எழுதுகிற அறையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. வகுப்பில் சொன்னது ஒரு பேட்சுக்குப் போகும். புத்தகத்தில் இருப்பது பத்து வருஷத்துக்குப் போகும்.

#18 வான்கூவர்வாசி

இங்கே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நோயாளிகளை ஹெல்த் மென்டர், அதாவது உடல்நல வழிகாட்டி என்று அழைத்துப் பாடம் நடத்த வைக்கிறார்கள். வெவ்வேறு துறை மாணவர்கள், அதாவது மருத்துவம், நர்சிங், மருந்தியல் என்று ஆளுக்கு ஒருவராக ஒரு சிறு குழு. நீண்ட நாள் நோயோடு வாழ்கிற ஒருவரிடம் சுமார் ஒன்றரை வருஷம் அவ்வப்போது வந்து கற்றுக்கொள்வார்கள். பரிசோதனை கிடையாது, ஸ்டெதாஸ்கோப் கிடையாது. 2005இலேயே இங்கே இதற்கென்று ஒரு பன்னாட்டு மாநாடு நடத்தினார்கள். நோயாளியின் குரல் எங்கே என்பதுதான் அதன் தலைப்பு.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு இங்கே ஒரு எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்த கதையைச் சொன்னால் நீங்கள் எல்லாரும் ஊரிலேயே இரு என்பீர்கள். அந்த ஒன்றரை வருஷம் என்ற அளவுதான் எனக்குப் பிடித்தது. தத்துவீட்டின் அம்மாவுக்கு அது போதுமா என்று தெரியவில்லை.

#19 தத்துவீடு

அம்மாவிடம் கேட்டேன். "ஒன்றரை வருசமா? கல்யாணப் பத்திரிகை வைக்க வருவானா?" என்கிறார்.

#20 நைட்டுடூட்டி

கறார்பேர்வழி சாரோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறேன். மார்க் வேண்டாம். அண்ணனிடம் பரிசோதகர் முன்னால், பையன் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டால் யாராலும் உண்மை சொல்ல முடியாது. அதே கேள்வியை வார்டு போஸ்டிங்கில், யாரும் ஃபெயில் ஆகாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில், அந்த மாணவனிடமே நேராகச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? "தம்பி, அமுக்கும்போது என் முகத்தைப் பாரு" என்று. கடைசி வருஷத்தில் சொல்லி என்ன பயன், இரண்டாம் வருஷத்தில் சொல்லணும்.

#21 ஓய்வூதியர்

இதற்குத் துறைத் தலைவர் அனுமதி வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். யூனிட் தலைவர் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம். என் முப்பது வருஷத்தில் நானே செய்யவில்லை.

பணம் பற்றியும் யாரும் பேசவில்லை. பரிசோதகருக்குப் பயணப்படி, தினப்படி, ரசீது எல்லாம் உண்டு. குழித்தறிக்குக் கையில் கொடுக்கிறார்கள்.

#22 குழித்தறி

எல்லாருக்கும் நன்றி. சக்கரம்_அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது.

நேற்று பி.ஜி. டாக்டர் போன் பண்ணினார். பரிட்சை இல்லை, இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பு, சத்தம் கேட்க வேண்டுமாம். வருகிறேன், ஆனால் அவர்கள் ஸ்டெத்தை எடுக்கும் முன் பத்து நிமிஷம் நான் பேசணும் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்ன பேசுவீங்கண்ணே?" என்றார். "என் நோயைப் பத்தித்தான்" என்றேன். "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.

#23 சும்மாவந்தேன்

நிஜமாக என்ன பேசப் போகிறீர்கள் அண்ணே? எங்களுக்காவது சொல்லுங்கள்.

#24 குழித்தறி

பென்சிலின் ஊசி பற்றி. 12 வயதில் ஆரம்பித்து 40 தாண்டும்வரை 21 நாளைக்கு ஒரு தடவை இடுப்பில் போட்டேன். எல்லாப் பிள்ளையும் கேட்கும், "ஊசி ஒழுங்கா போட்டீங்களா, விட்டுட்டீங்களா?" என்று. நடுவில் விட்டேன் என்று சொன்னால் குற்றம் மாதிரி எழுதிக்கொள்ளும். ஏன் விட்டேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

குழித்தறியில் பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அந்த ஊசி போட்டால் மறுநாள் முழுக்க அந்தப் பக்கம் உட்கார முடியாது. தீபாவளிக்கு முந்தின மாசம் சேலைக்கு அவசரம் வரும். அந்த மாசம்தான் விடுவேன்.